பழைய சாமான் வாங்கி வீட்டை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதைச் சென்னையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கடை இருக்கும் தெருதான் மாறும். குறைந்த பணத்தில் வீடு அமைக்கிறவருக்குப் பழைய சாமான்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எதைப் பழையதாக வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக வாடகை வீட்டுக்குப் போகிறோம். கையில் கொஞ்சம்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

முதல் பத்துப் பதினைந்து நாள் எதையும் வாங்க வேண்டாம். பாய், தலையணை, அடுப்பு, நாலு பாத்திரம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, மழைக்கு எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, வெளியிலிருந்து வருகிறவர்கள் வண்டிச் சாவியை எங்கே போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ஓதம் ஏறுகிற சுவரை ஒட்டி மர அலமாரியை நிறுத்தினால், அடுத்த ஐப்பசி மழைக்குள் அதன் பின்பலகை பூஞ்சை பிடித்துவிடும்.

அதற்கப்புறம் வரிசை இப்படி: படுக்கக் கட்டில், துணி வைக்க பீரோ, சமையலறைக்கு ஒரு ரேக், எழுதவும் சாப்பிடவும் ஒரே மேசை, நாலு நாற்காலி. சோபா கடைசியில்தான். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் மூன்று பேர் சோபாவைப் போட்டால் நடக்க இடம் இருக்காது. அதே இடத்தில் ஒரு திவான் போட்டால் பகலில் உட்காரலாம், விருந்தாளி வந்தால் படுக்கலாம், அடியில் பெட்டிகளைத் தள்ளிவைக்கலாம்.

பணத்தைப் பிரிப்பதற்கு என் கணக்கு: நூறு ரூபாய் இருந்தால் அறுபது சாமானுக்கு, இருபது வண்டிக்கூலிக்கும் ரிப்பேருக்கும், இருபது திரைக்கும் விளக்குக்கும். பெரும்பாலானவர்கள் அந்த நடு இருபதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் கால் ஆடும் மேசை கால் ஆடியபடியே கிடக்கும்.

பழையது வாங்குவது உண்மையிலேயே மிச்சமா? தவணையில் புதுசே கிடைக்கிறதே?

தவணையில் கிடைக்கிற விலை குறைந்த புது அலமாரி பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திய பலகை, மேலே மர நிறத்தில் ஒரு தாள். தண்ணீர் பட்டால் உப்பும். ஒரு முறை கழற்றி மாட்டினால் ஸ்குரூ பிடிக்காது. இரண்டு வருடத்துக்கொரு முறை வீடு மாறுகிறவருக்கு இது ஒத்தே வராது.

அதே பணத்துக்குப் பழைய கடையில் கெட்டியான மரம் கிடைக்கும். ஐம்பது வருடம் உழைத்த தேக்கு நாற்காலி, கால் மூட்டை இறுக்கினால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். அதைவிட முக்கியமானது, வேண்டாம் என்று விற்கும்போது ஏறக்குறைய வாங்கிய விலை திரும்ப வரும். பார்ட்டிகிள் போர்டு அலமாரியைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். அதனால் செகண்ட் ஹேண்டில் பார்ட்டிகிள் போர்டு சாமானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

எங்கே போய்த் தேடுவது?

சென்னையில் முதலில் பல்லாவரம் சந்தை. வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிறது. செடி, துணி, பழைய மின்சாதனம், சுவர்க் கடிகாரம், மர நாற்காலி, பீங்கான் ஜாடி, எந்த மிஷினுடையது என்றே தெரியாத உதிரி பாகம் எல்லாம் தரையில் தார்ப்பாயில் பரப்பியிருப்பார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நல்ல சாமானைக் கடை வைத்திருப்பவர்கள் முதலில் வந்து எடுத்துக்கொள்வார்கள், வெயிலும் ஏறிவிடும். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பழைய மரச் சாமான் கடைகள் உண்டு. அங்கே மெருகேற்றி வைத்திருப்பதால் விலையும் ஏறியிருக்கும். பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம். பழைய புத்தகத்துக்கு அல்லிக்குளம் வளாகம் பக்கம் போகலாம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அங்கிருந்த வியாபாரிகளுக்கு மாற்றிடம் தந்தது அங்கேதான்.

காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோவில் தெருவைப் பார்க்காமல் வராதீர்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவு, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, மரவை என்கிற மரக் கிண்ணம், பித்தளை என்று அந்தத் தெருக் கடைகளில் குவிந்திருக்கும். பழசைப் பார்த்துப் புதிதாகச் செய்ததும் அதே கடையில்தான் இருக்கும். "இது வீட்டிலிருந்து வந்ததா, செஞ்சதா?" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

இவையெல்லாவற்றையும்விட நல்ல இடம் ஒன்று உண்டு: உங்கள் பகுதியின் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்கள். வெளிநாட்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றலாகிப் போகிறவர், "ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொண்டால் போதும்" என்று கட்டில், மேசை, பீரோ எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பார். நடுவில் வியாபாரி இல்லை. பொருள் எப்படிப் புழங்கப்பட்டது என்பதையும் அந்த வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உங்கள் தெருவில் பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். கதவு, ஜன்னல், மரச்சட்டம், உத்தரம் எல்லாம் மொத்த வியாபாரிக்குப் போகும் முன் ஒன்றிரண்டைக் கொடுப்பார்கள். பழைய கதவுப் பலகை ஒன்று போதும், இரண்டு ஸ்டாண்டு வைத்தால் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை ஆகிவிடும்.

எந்த மாதத்தில் வாங்கினால் மலிவு?

போகிக்கு முந்தின இரண்டு வாரம், ஆயுத பூஜைக்கு முன், அப்புறம் மே கடைசி, ஜூன். முதல் இரண்டும் வீடு ஒழிக்கிற நேரம். மூன்றாவது, பள்ளிக்கூட வருடத்தை ஒட்டி வீடு மாறுகிற நேரம். போகியன்று தெருவில் கொளுத்திவிடுகிற நாற்காலியை முதல் நாளே கேட்டால் சும்மாவே தருவார்கள்.

எல்லாக் கடைக்காரரும் "ஒரிஜினல் தேக்கு" என்கிறார். எப்படி நம்புவது?

பாலிஷ் போட்ட முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசையானால் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து அதன் பின்பலகையையும் அடிப்பலகையையும் பாருங்கள். மெருகு படாத அந்த இடத்தில்தான் மரம் தன் நிறத்தைக் காட்டும். தேக்கு பொன்னிறப் பழுப்பாக இருக்கும், ரேகைகள் தெளிவாக ஓடும், விரலால் தேய்த்தால் லேசாக எண்ணெய்ப் பசை தெரியும். மறைவான இடத்தில் உப்புத்தாளால் இரண்டு இழு இழுத்தால் தோல் சாமான் கடைக்குள் நுழைந்தால் வருகிற மாதிரி ஒரு வாசனை எழும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அனுமதி மறுக்கிறவரிடம் தேக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். மேலே ஓடுகிற ரேகை முனையில் இறங்கித் தொடர வேண்டும். தொடராமல் முனையில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட் மேல் ஒட்டிய தேக்குத் தோல். அதுவும் மோசமில்லை, ஆனால் விலை வேறு.

மூட்டுகளைப் பாருங்கள். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் சொருகி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தால் அது ஆசாரி கை வேலை. அது ஆடினாலும் கழற்றி, பசை போட்டு இறுக்கிவிடலாம். மூலையில் இரும்புப் பட்டி வைத்து ஸ்குரூ முடுக்கியிருந்தால் ஏற்கெனவே ஒரு முறை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தேக்கையே தேட வேண்டும் என்பதும் இல்லை. வேம்பு, பலா, பூவரசு எல்லாம் நம் வீடுகளில் காலங்காலமாகப் புழங்கிய மரங்கள். நன்றாகக் காய்ந்து, வைரம் பாய்ந்த பகுதியில் செய்ததானால் தைரியமாக வாங்கலாம். தேக்கின் பெயருக்காகக் கொடுக்கிற கூடுதல் பணம் பாதி இடத்தில் தேவையே இல்லாதது.

கரையான், மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. வாங்கும்போதே பார்த்துவிட்டால் முக்கால்வாசி ஆபத்து போய்விடும்.

மரத்தில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு இருந்திருக்கிறது. துளை இருப்பதால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பழைய துளையாக இருக்கலாம். சாமானைக் கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வெள்ளையாக மெல்லிய பொடி கொட்டினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. பொடிக்குப் பதிலாகக் கசகசா அளவில் சிறு உருண்டைகள் கொட்டினால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். இரண்டாவதைக் கண்டால் விலகிவிடுங்கள். முதலாவது, பொருள் உண்மையிலேயே அருமையாக இருந்தால் மட்டும், துளைகளில் ஊசி வழியாக மரப்பூச்சி மருந்து செலுத்தி, மெழுகால் அடைத்து, ஒரு மாதம் பால்கனியிலோ வராந்தாவிலோ வைத்துக் கவனித்துவிட்டு உள்ளே கொண்டுவரலாம்.

மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் மூட்டுகள், ஸ்குரூத் துளைகள், மெத்தைத் தையல், சோபாவின் அடித்துணி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது அதன் எச்சம். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாத பூச்சி அது. "ஆறு மாதம் யாரும் படுக்கவில்லை" என்று விற்கிறவர் சொல்வது ஒரு உத்தரவாதமே இல்லை. வெயிலில் போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். தடிமனான மெத்தைக்குள் அந்தச் சூடு போய்ச் சேராது. இரும்புக் கட்டிலானால் கொதிக்கும் தண்ணீரை மூட்டு மூட்டாக ஊற்றுங்கள். மரக் கட்டிலானால் பாகம் பாகமாகக் கழற்றித் துடைத்து, எல்லா இடுக்கையும் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

பழையதாக வாங்கவே கூடாதவை?

மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா: பூச்சிக்காக. சோபாவின் மரச்சட்டம் நன்றாக இருந்து, பஞ்சையும் துணியையும் முழுக்கப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதாக இருந்தால் சரி.

கோட்டிங் உரிந்த நான்ஸ்டிக் தவா. பழைய கேஸ் டியூப், ரெகுலேட்டர். குக்கர் வாங்கலாம், ஆனால் கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் அன்றே புதிதாக மாற்ற வேண்டும்.

கம்பி இடைவெளி அதிகமான குழந்தைத் தொட்டில். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளலாம்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஃபிரிட்ஜ். வாங்கும்போது மிச்சம் பிடித்ததைக் கரண்ட் பில்லில் கட்டிவிடுவீர்கள். சீலிங் ஃபேனிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட் வித்தியாசம், அதுவும் ஒரே ஒரு ஃபேனுக்கு. ஆகவே படுக்கையறைக்குப் புது ஃபேன், எப்போதாவது உட்காருகிற இடத்துக்குப் பழையது.

ஸ்டீல் பீரோ பழையதாக வாங்கலாமா?

கண்டிப்பாக. செகண்ட் ஹேண்டில் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கிற பொருள்கள் என்றால் முதலில் ஸ்டீல் பீரோவைத்தான் சொல்வேன். பழைய பீரோக்களின் தகடு இப்போது மலிவாக வருவதைவிடத் தடிமன்.

பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். "டப்" என்று உள்வாங்கி வெளியே வந்தால் மெல்லிய தகடு. கதவைப் பாதி திறந்து விடுங்கள். தானாக ஆடிக்கொண்டு போனால் பீரோ கோணியிருக்கிறது அல்லது தரை சமமில்லை, இடத்தை மாற்றி வைத்துப் பாருங்கள். அப்புறம், கடைக்காரர் முகம் சுளித்தாலும், பீரோவைச் சாய்க்கச் சொல்லி அடிப்பாகத்தைப் பாருங்கள். வீடு கழுவிய தண்ணீர் நின்று நின்று துரு ஏறுவது அங்கேதான். மேலே புதுப் பெயிண்ட் மின்னும், கீழே விரல் வைத்தால் உதிரும். லாக்கர் சாவி உட்பட எல்லாச் சாவியும் இருக்கிறதா, பூட்டிய பின் கைப்பிடி அசையாமல் நிற்கிறதா என்று நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள்.

லேசான துரு பெரிய விஷயமில்லை. உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, காய்ந்தபின் எனாமல் இரண்டு கை. வண்டி டிங்கரிங் கடையில் ஸ்பிரே அடித்து வாங்கினால் இன்னும் வழவழப்பாக வரும். பச்சையும் சாம்பலும் மட்டும்தான் பீரோ நிறம் என்று இல்லை. காவி, மயில் நீலம், மோர் நிறம் எதுவும் அடிக்கலாம். நல்ல நிறம் அடித்த பழைய பீரோ அந்த அறைக்கே ஒரு களை கொடுக்கும்.

பொதுவாக ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம் இருக்கும். உங்கள் படிக்கட்டுத் திருப்பத்தையும் படுக்கையறைக் கதவையும் அளந்துகொண்டு போங்கள்.

நாமே பாலிஷ் போட முடியுமா?

நாற்காலி, ஸ்டூல், முக்காலி அளவில் தாராளமாக முடியும். பெரிய அலமாரிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேக்கு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பல வருட அழுக்கைத் துடையுங்கள். இதிலேயே பாதி நாற்காலிகள் பிழைத்துவிடும், பாலிஷே தேவைப்படாது. தேவையென்றால் ஒரு நாள் காய விட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்கு அடியில் எப்போதும் தெரியும். பிறகு 220. தூசியைத் துடைத்துவிட்டு, அரக்குச் சில்லை, அதாவது ஷெல்லாக்கை, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அளவில் போட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். அது கரைந்ததும் வடிகட்டி, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு பூச்சு அரை மணியில் காய்ந்துவிடும். நாலைந்து பூச்சுக்குப் பிறகு மரம் உள்ளிருந்து ஒளி விடுவதைப் பார்ப்பீர்கள். டப்பாவில் வருகிற பளபளப்பு வார்னிஷில் அந்த ஒளி கிடைக்காது. மழை நாளில் மட்டும் இந்த வேலை வேண்டாம், ஈரக் காற்றில் பூச்சு வெளுத்துப்போகும். ஸ்பிரிட் புகை சுவாசிக்க நல்லதில்லை, பக்கத்தில் நெருப்பும் ஆகாது. மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு இந்த அரக்குப் பாலிஷ் ஒத்துவராது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதற்கு பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பூச்சுதான் சரி.

பிரம்பு பின்னிய நாற்காலியில் பின்னல் அறுந்திருந்தால் சட்டத்தைப் பார்த்து வாங்கிவிடுங்கள். பிரம்பு பின்னிக் கொடுப்பவர்கள் இன்னும் நகரில் இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் பலர் இந்தக் கைவேலையை அவ்வளவு துல்லியமாகச் செய்கிறார்கள். அவர்கள் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பழைய பெயிண்ட் அடித்த கதவை வாங்கி மேசையாக்க ஆசை. பெயிண்டை எப்படி எடுப்பது?

காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், மிஷின் வைத்தும் வேண்டாம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியபின் பட்டையாகச் சுரண்டி, ஈர உப்புத்தாளால் முடியுங்கள். முகக்கவசம், கையுறை கட்டாயம். சுரண்டியதைச் செடித் தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த வேலையை வெளியே பட்டறையில் கொடுத்துவிடுவதுதான் சரி.

"யாரோ புழங்கின பொருள், யார் வீட்டுக் கஷ்டமோ" என்று மாமியார் மறுக்கிறார்.

இதை வாதமாக்க வேண்டாம். பெரியவர்களுக்கு எல்லாப் பழைய பொருளும் ஒன்றல்ல. கட்டில், விளக்கு, அம்மி, பூஜைச் சாமான் ஆகியவற்றில்தான் மனம் கூடுதலாகத் தயங்கும். அவற்றை விட்டுவிடுங்கள், கட்டிலைப் புதிதாகவே வாங்குங்கள், தப்பில்லை. புத்தக அலமாரி, எழுது மேசை, ஸ்டூல், ட்ரங்க் பெட்டி என்று ஆரம்பியுங்கள். யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். "அடுத்த பிளாக்கில் இருந்த டீச்சர் அமெரிக்காவில் மகனிடம் போறாங்க அத்தை, அவங்க புத்தக அலமாரி" என்றால் அது யாரோ புழங்கிய பொருளாகத் தெரியாது. வந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் தெளிக்கட்டும்.

முதலில் அவருடைய ஊர் வீட்டுப் பரணை இறக்கச் சொல்லிக் கேளுங்கள் என்பது என் கூடுதல் யோசனை. வெண்கல உருளி, பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, சம்படம் என்று அங்கே கிடப்பதுதான் உங்கள் ஹாலுக்கு வேண்டிய அலங்காரம். அதற்குக் காசும் இல்லை, ஆட்சேபமும் இருக்காது.

பித்தளை என்று விற்பது பித்தளைதானா?

காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. துலக்கப் புளியும் உப்பும் போதும். பூச்சாடியாகவோ குடைத் தாங்கியாகவோ வைக்கலாம்; ஆனால் உள்ளே வெள்ளீயம் (கலாய்) பூசாத பித்தளையில் புளிக்குழம்பு, ரசம் வைக்காதீர்கள்.

சிலை விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், உலோகச் சிலை போன்றவை 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். ஆவணம் இல்லாமல் "கோவிலில் இருந்தது" என்று யாராவது காட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது நம் ஊர்க் கோவில் சொத்து.

வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். எப்படி அலங்கரிப்பது?

தரையில் நிற்பதை வைத்துத்தான் அலங்கரிக்க வேண்டும். மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்துத் துண்டு, போர்வை, பழைய சேலை போடலாம். பெரிய கண்ணாடியைத் தரையில் வைத்துச் சாய்க்கலாம், ஆனால் அடி வழுக்காமல் ரப்பர் வையுங்கள். ட்ரங்க் பெட்டிக்கு ஒரு நிறம் அடித்தால் டீப்பாய் ஆகிவிடும். உள்ளே குளிர்காலப் போர்வையும் கொலு பொம்மையும் இருக்கும். பழைய எண்ணெய் டின்னில் அடியில் துளை போட்டால் செடித் தொட்டி.

திரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஆறு கஜப் பருத்திப் புடவை ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். பாதியாக வெட்டினால் ஏழடிக் கதவுக்கு மடிப்புத் தைத்தது போக இரண்டு திரை வரும். நைந்த சுங்குடிக்கு வெயில் பட்டால் வருகிற அழகு எந்தக் கடைத் திரைக்கும் வராது. நாலு முழ வேட்டி ஜன்னலுக்குப் போதும்: வெளிச்சம் வரும், எதிர் வீட்டுக்குத் தெரியாது. பட்டுத் துணியைத் திரையாக்க வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும். பட்டுப்புடவையை வெட்டும் முன் அதன் ஜரிகையை ஒரு முறை காட்டிக் கேளுங்கள். பழைய வெள்ளி ஜரிகைக்கு நல்ல விலை கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் நாலு பருத்திப் புடவை வாங்கிவிடலாம்.

எல்லாம் ஒவ்வொரு இடத்தில் வாங்கியது. அலங்கோலமாகத் தெரியாதா?

ஒரு அறையில் மர நிறம் ஒன்றாக இருந்தால் போதும், வடிவம் எத்தனை விதமாக இருந்தாலும் கண்ணை உறுத்தாது. நாலு வெவ்வேறு நாற்காலிக்கு ஒரே பாலிஷ் போடுங்கள், அல்லது ஒரே துணியில் குஷன் தைத்துப் போடுங்கள். அலங்கோலம் பெரும்பாலும் நாற்காலியால் வருவதில்லை. வெளியே பரந்து கிடக்கிற சார்ஜர், மருந்து அட்டை, பில் புத்தகம், பிளாஸ்டிக் கவர் ஆகியவற்றால்தான் வருகிறது.

அப்படியானால் அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஒழுங்குபடுத்தவென்று எதையும் வாங்கும் முன், பரணில் இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கீழே இறக்குங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டி, கல்யாணத்துக்கு வந்த ஆறாவது குத்துவிளக்குப் பெட்டி, ஓடாத மிக்ஸி. பாதி வெளியே போகும். அந்தக் காலி இடம்தான் உங்களுக்குக் கிடைத்த புது அலமாரி.

சமையலறைக்குக் கண்ணாடி பாட்டில். ஹார்லிக்ஸ், காபி பாட்டில்கள் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும். ஒரே அளவில் இருபது சேருங்கள். வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தபின் மிஞ்சுகிற பசையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். பருப்பு, ரவை, கடுகு எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் இருக்கிறதையே மறுபடி வாங்குவது நிற்கும். பழைய எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைத் துருவில்லாமல் பார்த்து வாங்குங்கள். சமையலறைக்கு மட்டுமில்லை, நுழைவாசலில் வைத்தால் நியூஸ்பேப்பர், கடிதம், பில் எல்லாவற்றுக்கும் தடுப்புத் தடுப்பாக இடம் கொடுக்கும். அஞ்சறைப்பெட்டி ஊசி நூலுக்கும் பொத்தானுக்கும் அவ்வளவு பொருத்தம்.

சாவி எங்கே விழுகிறதோ அங்கே ஒரு மரவையை வையுங்கள். வீட்டார் பழக்கத்தை மாற்றுவதைவிட மரவையை நகர்த்துவது எளிது.

பேரம் பேச வரவில்லை. என்ன செய்வது?

பொருளைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். "அண்ணே, கால் ஒண்ணு மாத்தணும், ஆசாரிக்கு நானூறு ஆகும், அதைக் கழிச்சுச் சொல்லுங்க" என்று செய்ய வேண்டிய ரிப்பேரைச் சொல்லிக் கேட்டால் அவருக்கும் கோபம் வராது. இரண்டு மூன்று பொருளை ஒன்றாகப் பேசுங்கள். புதுசின் விலையில் பாதியைத் தாண்டாதீர்கள். கெட்டித் தேக்குக்கும் ஈட்டி மரத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. அப்புறம், வீட்டில் ஆள் இல்லாத வயதானவர் அவசரத்துக்கு விற்கிறார் என்றால் அங்கே பேரமே பேசாமல் நியாய விலை கொடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?

பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் கிடையாது. நீங்கள் விற்கும்போதும் கவனம்: "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

கொண்டுவர வண்டி?

ஒரு மேசை, நாலு நாற்காலி வரை மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி போதும். பீரோ, கட்டில் என்றால் குட்டி யானை என்கிற சின்ன லாரி. வாடகை பேசும்போதே ஏற்றுகூலி, இறக்குகூலி, எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வாசலில் சண்டை வரும். பீரோவை நிறுத்தியபடிதான் கொண்டுவர வேண்டும். கதவைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி இருந்தால் அதன்மேல் பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். போர்வையும் கயிறும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், கடையில் கேட்டால் கிடைக்காது.